சற்று மென்றாலே தாடை வலிக்கிறது, பல்லில் குறை எதுவும் தெரியவில்லை: 73 வயது நோயாளி, ஆலோசனை தேவை

கேள்வி
மன்னார்குடிப் பல் மருத்துவர், திங்கள், இரவு 8.50

வணக்கம். ஒன்பது ஆண்டுகளாகத் தனியாகக் கிளினிக் நடத்தி வருகிறேன். ஒரு நோயாளியைப் பற்றி மூத்தவர்களிடம் கேட்க வேண்டியிருக்கிறது. அவரை யாரென்று அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

வயது 73. விவசாயக் குடும்பம். கணவர் காலமாகிவிட்டார், மகன் வீட்டில் இருக்கிறார். ஆறு வாரமாக இரண்டு கன்னத்திலும் காதுக்கு முன்னால் வலி, இடது பக்கம் கூடுதல் என்கிறார். என்னிடம் வருவதற்கு முன்பே வேறோர் இடத்தில் இடது கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்றுக்கு ரூட் கேனால் செய்திருக்கிறார்கள். வலி போகவில்லை என்றதும் இரண்டு வாரத்தில் அதே பல்லைப் பிடுங்கியும் விட்டார்கள். பிடுங்கிய இடம் நன்றாக ஆறியிருக்கிறது. வலி மட்டும் அப்படியே இருக்கிறது.

நான் பார்த்தவரை மற்றப் பற்களில் தேய்மானம் உண்டு, வெற்றிலைக் கறை உண்டு, ஈறு பரவாயில்லை. தட்டிப் பார்த்தால் எந்தப் பல்லும் வலிக்கவில்லை. எக்ஸ்ரேயில் வேர் நுனிகளில் சீழ் கட்டிய அடையாளம் எங்கும் இல்லை. வாய் மூன்று விரல் அகலத்துக்குத் தாராளமாகத் திறக்கிறது. தாடை மூட்டில் சத்தம் இல்லை. கன்னத் தசையை அழுத்தியபோது லேசாக வலிக்கிறது என்றார். இரவில் பல்லைக் கடிக்கும் பழக்கமாக இருக்கும் என்று எண்ணி நைட் கார்டு (இரவில் பற்கள்மேல் மாட்டும் உறை) செய்து கொடுத்தேன். பத்து நாளுக்கு வலி மாத்திரையும் தசை இறுக்கம் தளர மாத்திரையும் கொடுத்தேன். இன்று திரும்ப வந்தார். எள்ளளவும் குறையவில்லை.

இன்று மகன் சொன்ன ஒரு செய்தி மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. இட்லியோ ரசம் சாதமோ சாப்பிடும்போது அம்மாவுக்கு ஒன்றும் இல்லையாம். வெற்றிலை போட்டால் மூன்று நான்கு நிமிடத்தில் துப்பிவிடுகிறாராம். நாற்பது ஆண்டுகளாக மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம் வெற்றிலை மென்றவர். துப்பிவிட்டுச் சும்மா உட்கார்ந்தால் வலி தானாகவே போய்விடுகிறது. மறுபடி மென்றால் மறுபடி வருகிறது. பாக்கினால் வாய் இறுகும் நோயாக இருக்குமோ என்று கன்னத்தின் உட்புறத்தைத் தடவிப் பார்த்தேன். மெத்தென்றுதான் இருக்கிறது, நார் எதுவும் விரலில் தட்டுப்படவில்லை. உடம்பு இளைத்துவிட்டார் என்றும் மகன் சொன்னார். சரியாகச் சாப்பிட முடியாததால் இருக்கும் என்று நினைத்தேன்.

சர்க்கரை நோய் உண்டு, மாத்திரையால் கட்டுக்குள் இருக்கிறது. நடக்கும்போதோ படி ஏறும்போதோ தாடை வலிக்கிறதா என்று கேட்டேன், இல்லை என்றார். அதனால் இதயம் இல்லை என்று கொள்கிறேன். அடுத்து என்ன செய்யலாம்? தாடை மூட்டுக்கு ஸ்கேன் எழுதிக் கொடுக்கட்டுமா?


பதில் 1
சென்னைப் பல் மருத்துவர், திங்கள், இரவு 9.10

எனக்கு இது தாடை மூட்டுக் கோளாறாகவே தோன்றுகிறது. கடைவாய்ப் பல் போனதும் கடி மாறியிருக்கும், பாரம் முழுவதும் மூட்டில் இறங்கியிருக்கும். நைட் கார்டுக்குப் பத்து நாள் போதாது, ஆறு வாரமாவது கொடுத்துப் பாருங்கள். வெற்றிலையை நிறுத்தச் சொல்லுங்கள். எம்.ஆர்.ஐ. எடுத்தால் மூட்டுத் தட்டு நகர்ந்திருக்கிறதா என்பது தெரிந்துவிடும்.


பதில் 2
தாமிரபரணிக் கரையிலிருந்து, திங்கள், இரவு 9.35

ஆறு வாரம் காத்திருக்க வேண்டாம். தயவுசெய்து காத்திருக்க வேண்டாம். இந்தப் பதிலைப் படித்து முடிப்பதற்கு முன் அந்த மகனைத் தொலைபேசியில் அழையுங்கள். இரவாகிவிட்டதே என்று தயங்காதீர்கள்.

புதிதாகத் தலைவலி உண்டா, பொட்டுப் பக்கம், அதாவது கண்ணுக்கும் காதுக்கும் நடுவில், வலிக்கிறதா என்று கேளுங்கள். தலை வாரும்போதும் எண்ணெய் தேய்க்கும்போதும் தலைத்தோல் வலிக்கிறதா, வலிக்கும் பக்கம் தலையணையில் சாய்க்க முடியாமல் இருக்கிறதா என்று கேளுங்கள். காலையில் எழுந்ததும் தோளும் இடுப்பும் இறுகிக் கையைத் தூக்க முடியாமல் போகிறதா? கடைசியாக, அவர் எரிச்சல்பட்டாலும் விடாமல் கேட்க வேண்டிய கேள்வி: ஒரு கண்ணில், சில நொடிதான் என்றாலும், பார்வை மங்கியதா, திரை விழுந்த மாதிரி மறைத்ததா, ஒரு பொருள் இரண்டாகத் தெரிந்ததா? இதற்கு ஆம் என்றால் இன்றிரவே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். மற்றவற்றில் ஒன்றுக்கு ஆம் என்றாலும் நாளைப் பொழுது சாயக் கூடாது.

நான் சந்தேகப்படுவது பொட்டுத் தமனி அழற்சி, பொட்டு வழியாகப் போகும் ரத்தக் குழாயின் சுவர் வீங்கும் நோய். டெம்போரல் ஆர்ட்டரைடிஸ் என்ற பெயரில் நாம் பல் மருத்துவப் படிப்பில் ஒரு பத்தி படித்து, தேர்வு முடிந்ததும் மறந்த நோய். ஜெயண்ட் செல் ஆர்ட்டரைடிஸ் என்பதே இப்போது வழக்கில் உள்ள பெயர். பேசிவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

ஏன் இப்படி விரட்டுகிறேன் என்று சொல்ல வேண்டும். எனக்கு இந்தத் தொழிலில் முப்பத்தொரு ஆண்டு ஆகிறது. 2011இல் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் என்னிடம் வந்தார். வயது 69. வலது கீழ்க் கடைவாயில் மெல்லும்போது வலி என்றார். அந்தப் பல்லில் பழைய அடைப்பு ஒன்று இருந்தது, ஓரத்தில் மெல்லிய கீறலும் இருந்தது. பல் விரிசல் விட்டிருக்கிறது என்று முடிவு செய்துவிட்டேன். அடைப்பை மாற்றினேன். பிறகு உறை போட்டேன். ஐந்து வாரத்தில் நான்கு முறை வந்தார், நான்காம் முறை பல்லை எடுத்துவிட்டேன். மரப்பு ஊசிக்கு மருந்தை ஏற்றிக்கொண்டிருந்தபோது அவர் பேச்சோடு பேச்சாக, "இப்போதெல்லாம் தலையில் துண்டைக் கட்ட முடியவில்லையம்மா, பட்ட இடமெல்லாம் வலிக்கிறது" என்றார். வெயில் காலம். ஏதோ ஆறுதலாகச் சொல்லிவிட்டு வாயைத் திறக்கச் சொன்னேன்.

பல் எடுத்த பதினேழாம் நாள், விடிகாலையில் எழுந்தபோது அவருக்கு வலது கண் இருட்டாக இருந்திருக்கிறது. நோயைக் கண்டுபிடித்தவர் கண் மருத்துவர். உடனே ஸ்டீராய்டு கொடுத்து இடது கண்ணைக் காப்பாற்றினார்கள். வலது கண் திரும்பவில்லை. மூன்று மாதம் கழித்து, பிடுங்கிய இடத்தில் பல் கட்டிக்கொள்ள என்னிடமே வந்தார், மருமகனின் தோளைப் பிடித்துக்கொண்டு. என்ன நடந்தது என்று அவர் வாயால்தான் எனக்குத் தெரிந்தது. "துண்டு கட்டினால் வலிக்கிறது என்று அன்றைக்குச் சொன்னேனே, அது இதுதானா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. மாணவனிடம் ஒரு சொல்லின் பொருளைக் கேட்பது போலக் கேட்டார். ஆம், இதுதான் என்றேன். அன்றிலிருந்து ஐம்பது வயதைத் தாண்டிய யாரும் தாடை வலி என்று என் நாற்காலியில் உட்கார்ந்தால், வாயைத் திறக்கச் சொல்வதற்கு முன் தலையைப் பற்றிக் கேட்கிறேன்.

நாம் தவறுவது பெரும்பாலும் கேள்வியில்தான். "எங்கே வலிக்கிறது?" என்று தொடங்குகிறோம். பல் மருத்துவர் வலியைக் கேட்கிறார் என்று நோயாளியும் வலி என்கிறார், ஏதோ ஒரு பல்லைக் காட்டியும் விடுகிறார். சற்றுப் பொறுத்து, "எப்படி இருக்கிறது, உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள்" என்று கேட்டால் நம் மக்களிடம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சொல் இருக்கிறது. பல் கெட்டிருந்தால் கூசுகிறது, தெறிக்கிறது, விண்விண் என்று இடிக்கிறது, ராத்திரியெல்லாம் தூங்க விடவில்லை என்பார்கள். முகநரம்பு வலி என்றால் மின்சாரம் பாய்ந்த மாதிரி வெட்டி இழுக்கிறது, முகம் கழுவவே பயமாக இருக்கிறது என்பார்கள். இந்த நோயில் அவர்கள் சொல்வது வேறு. தாடை கடுக்கிறது, அசந்து போகிறது, கனத்துப் போகிறது. தூரம் நடந்தவர் கால் கடுக்கிறது என்று வரப்பில் உட்காருவாரே, அதே கடுப்பு. உட்கார்ந்தால் தீரும், எழுந்து நடந்தால் திரும்ப வரும். அந்தத் தமிழாசிரியர் என்னிடம் சொன்னதும் "மெல்ல மெல்லக் கன்னம் கனக்கிறது" என்றுதான். அட்டையில் நான் எழுதிக்கொண்டது "மெல்லும்போது வலி".

கால் கடுப்புக்கும் இதற்கும் காரணமும் ஒன்றே. மெல்லும் தசைகளுக்கு ரத்தம் கொண்டுபோவது புறக் கழுத்துத் தமனியிலிருந்து பிரியும் மேல்தாடைத் தமனியின் கிளைகள். அழற்சியால் தமனியின் சுவர் வீங்கி உள்வழி சுருங்கிவிடுகிறது. சும்மா இருக்கும்போது அந்தச் சொற்ப ரத்தம் தசைக்குப் போதும். இரண்டு மூன்று நிமிடம் மென்றால் போதாது, தசை கடுக்கத் தொடங்கும். மெல்லுவதை நிறுத்தினால் தீரும். இட்லிக்கு ஏன் வலிக்கவில்லை, வெற்றிலைக்கு ஏன் வலிக்கிறது என்பது இதில் விளங்கிவிடுகிறது. மேல்நாட்டில் சில மருத்துவர்கள் இதைச் சோதிக்க நோயாளிக்குச் சூயிங்கம் கொடுத்து, நொடிக்கு ஒருமுறை மெல்லச் சொல்லி, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். உங்கள் நோயாளி அந்தச் சோதனையைத் தினமும் மதியம் வீட்டிலேயே செய்துகொண்டிருக்கிறார்.

அதே அழற்சி கண் நரம்பின் முனைக்கு ரத்தம் தரும் சிறு தமனிகளிலும் பிடித்தால், அடைபட்ட அன்றே பார்வை போகும். போன பார்வை திரும்புவது மிக அரிது. சிகிச்சை தொடங்காவிட்டால் மற்றக் கண்ணும் சில நாளிலோ சில வாரத்திலோ போகலாம். தாடை கடுப்பு பல நேரங்களில் கண்ணுக்குச் சில வாரம் முன்னதாக வந்து எச்சரிக்கிறது. அந்தச் சில வாரமும் நோயாளி நம் நாற்காலியில்தான் இருக்கிறார், அதனால்தான் எனக்கு மனம் ஆறுவதில்லை.

நாளை அவரைப் பார்க்க நேர்ந்தால் விரலை வையுங்கள். தாடை மூட்டைத் தொட்டுப் பார்க்கக் காதின் முன்மடலுக்கு முன்னால் விரல் வைக்கிறோமே, பொட்டுத் தமனி அதே இடத்தில்தான் மேலேறுகிறது. நம் விரல் தினமும் அதன்மேல்தான் இருக்கிறது, நாம் மூட்டின் சத்தத்தைத் தேடிக்கொண்டிருக்கிறோம். அங்கிருந்து மேலே, பொட்டு வழியாக நெற்றி வரை தடவிக்கொண்டே போங்கள். நூல் கயிறு போலத் தடித்திருக்கிறதா, முடிச்சு முடிச்சாக இருக்கிறதா, தொட்டால் வலிக்கிறதா, துடிப்பு இருக்கிறதா? இரண்டு பக்கத்தையும் ஒப்பிடுங்கள். எல்லாம் இயல்பாக இருந்தாலும் நோய் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். நாக்கையும் பாருங்கள். நாக்குக்குப் போகும் தமனி பாதிக்கப்பட்டால் பேசும்போதே நாக்கு சோரும், வெளுக்கும், அரிதாக ஒரு பகுதி கருகியும் போகும்.

1890இல் லண்டனில் ஜோனதன் ஹட்சின்சன் இந்த நோயை விவரித்தபோது அவருடைய முதிய நோயாளி சொன்ன குறை, தலை வலிப்பதால் தொப்பி வைக்க முடியவில்லை என்பது. நம் ஊரில் அது துண்டு, கொண்டை, நல்லெண்ணெய். தொப்பியைக் கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும்.

சென்னை நண்பருக்கு ஒரு வார்த்தை. தாடை மூட்டுக் கோளாறு பெரும்பாலும் இருபது முதல் நாற்பது வயதுக்குள் தலைகாட்டுவது. எழுபது வயது வரை தாடையைப் பற்றி ஒரு குறையும் சொல்லாத ஒருவருக்கு ஆறு வாரம் முன்னால் அது புதிதாக வந்தது என்றால் அந்தப் பெயரைக் கடைசியாகத்தான் எழுத வேண்டும்.


கேள்வி கேட்டவர், திங்கள், இரவு 10.20

அம்மா, பேசிவிட்டேன். கை இன்னும் நடுங்குகிறது.

தலைவலி ஒரு மாதமாக இருக்கிறதாம். சளி என்று எண்ணித் தைலம் தடவிக்கொண்டிருக்கிறார். கொண்டை போடுவதை விட்டுவிட்டு முடியைத் தளர்த்தி விட்டிருக்கிறார். காலையில் கொடியில் துணி காயப்போடக் கை எழவில்லை என்று மருமகளிடம் சொல்லியிருக்கிறார், வயதாகிவிட்டது என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். கண்ணைப் பற்றிக் கேட்டதும் மகன் முதலில் இல்லை என்றார். அம்மாவிடமே போனைக் கொடுக்கச் சொன்னேன். போன வியாழக்கிழமை சாயங்காலம் விளக்கேற்றும்போது இடது கண்ணில் பாதி இருட்டாகி, ஐந்து நிமிடத்தில் சரியானதாம். புரை அறுவை செய்த கண் என்பதால் அதனால்தான் என்று யாரிடமும் சொல்லவில்லையாம்.

தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு உடனே கிளம்பச் சொல்லிவிட்டேன், கார் ஏற்பாடு ஆகிவிட்டது. நான் என்ன எழுதிக் கொடுத்தனுப்ப வேண்டும்? இங்கேயே ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்துவிடலாமா?


பதில் 3
மதுரைக் கண் மருத்துவர், திங்கள், இரவு 10.30

ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதுங்கள்: ஜெயண்ட் செல் ஆர்ட்டரைடிஸ் சந்தேகம், வயது 73, ஆறு வாரமாக மெல்லும்போது தாடை கடுப்பு, புதிய தலைவலி, வியாழனன்று இடது கண்ணில் ஐந்து நிமிடப் பார்வை இழப்பு, சர்க்கரை நோய் உண்டு. அத்துடன் உங்கள் தொலைபேசி எண். வாட்ஸ்அப்பில் மகனுக்கு அனுப்பி, அவசரப் பிரிவில் காட்டச் சொல்லுங்கள். நள்ளிரவில் ஒரு பாட்டி தாடை வலி என்று வந்து நின்றால் காலையில் பல் பிரிவுக்குப் போங்கள் என்று சொல்ல வாய்ப்புண்டு. கண் என்ற சொல் முதல் வரியிலேயே இருக்கட்டும். முடிந்தால் நீங்களே அழைத்துப் பணியில் இருக்கும் மருத்துவரிடம் பேசுங்கள்.

மாத்திரையை நீங்களாகக் கொடுக்க வேண்டாம். தஞ்சை உங்களுக்கு ஒரு மணி நேரத் தொலைவுதான். பார்வை ஒருமுறை மறைந்திருப்பதால் அவர்கள் ஊசி மூலம் சிரை வழியாகவே மெத்தில்பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டைத் தொடங்குவார்கள், வழக்கமாக நாளுக்கு 500 மில்லிகிராம் முதல் 1 கிராம் வரை மூன்று நாள். பார்வைக் கோளாறு இல்லாதவர்களுக்கு 40 முதல் 60 மில்லிகிராம் பிரெட்னிசலோன் மாத்திரை. பல மணி நேரம் பயணம் செய்தாக வேண்டிய ஊர் என்றால், நோயாளியை ஏற்கப்போகும் மருத்துவரிடம் தொலைபேசியில் பேசி, அவர் சொல்லும் முதல் அளவைக் கொடுத்து அனுப்பலாம்.

அழற்சியைக் காட்டும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. அளவுகள், ரத்தத் தட்டணு எண்ணிக்கை மூன்றுக்கும் ரத்தம் எடுப்பார்கள். முடிவு வரட்டும் என்று மருந்தை நிறுத்திவைக்கக் கூடாது. தமனியில் துண்டு எடுத்துப் பார்ப்பதற்கும் காத்திருக்கத் தேவையில்லை, ஸ்டீராய்டு தொடங்கி ஒன்றிரண்டு வாரத்துக்குள் எடுத்தாலும் பெரும்பாலும் அடையாளம் மறையாது. அழற்சி தமனி முழுக்க ஒரே சீராக இருக்காமல் விட்டுவிட்டு இருக்கும், அதனால் ஒரு சென்டிமீட்டராவது எடுக்க வேண்டும். இப்போது அல்ட்ராசவுண்டிலேயே தமனியைச் சுற்றிக் கருவளையம் தெரிகிறதா என்று பார்க்கிறார்கள். 1997இல் ஜெர்மனியிலிருந்து வந்த ஆய்வு அதற்கு வழி திறந்தது.

நம் நாட்டில் இரண்டு பயங்கள் கையைக் கட்டிப்போடும். ஒன்று சர்க்கரை, மற்றொன்று காசநோய். இரண்டும் நியாயமான பயங்களே. சர்க்கரை ஏறத்தான் செய்யும், தேவையானால் இன்சுலின் போடுவார்கள். மார்பு எக்ஸ்ரே எடுப்பார்கள். இவை மருந்தோடு சேர்ந்தே நடக்க வேண்டும், மருந்துக்கு முன்நிபந்தனையாக நிற்கக் கூடாது. சர்க்கரையை நாளைக்கும் இறக்கலாம், கண்ணுக்கு நாளை கிடையாது.

தாடை கடுப்புக்கு எவ்வளவு எடை உண்டு என்பதற்கு ஒரு சான்று. பஞ்சாபில் பிறந்து அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் வாழ்நாள் முழுக்கக் கண் நரம்பின் ரத்த ஓட்டத்தை ஆராய்ந்தவர் சோஹன் சிங் ஹேரே. தமனித் துண்டு எடுத்துச் சோதிக்கப்பட்ட 363 பேரை வைத்து 1997இல் அவர் குழு வெளியிட்ட ஆய்வில், தாடை கடுப்பு இருந்தவர்களுக்குச் சோதனை நோயை உறுதிசெய்யும் வாய்ப்பு விகிதம், அது இல்லாதவர்களோடு ஒப்பிட்டால், ஒன்பது மடங்காக இருந்தது. தலைவலியை விட, ஈ.எஸ்.ஆர். கூடியிருப்பதை விட வலுவான அறிகுறி இது. இந்த நோயால் பார்வை பாதிக்கப்பட்டவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு அதற்கு முன் உடம்பில் வேறெந்தத் தொந்தரவும் இருந்ததில்லை என்பதும் அவருடைய கண்டுபிடிப்பே. அவர்களை யாராலும் முன்கூட்டிப் பிடிக்க முடியாது. தாடை கடுத்து உங்களைத் தேடி வருகிறவர்களைப் பிடிக்க முடியும்.

நோர்வே, ஸ்வீடன், டென்மார்க் போன்ற வடநாடுகளில் அதிகம் காணப்படும் நோய் இது, நம்மிடையே குறைவு. நான் இருபது ஆண்டில் பார்த்தவர்களை இரண்டு கை விரல்களில் எண்ணிவிடலாம். அவர்களில் மூன்று பேர் என்னிடம் வருவதற்கு முன் பல்லைப் பிடுங்கிக்கொண்டவர்கள்.


பதில் 1 எழுதியவர், திங்கள், இரவு 10.45

நான் சொன்னது தவறான வழி. அழிக்காமல் விட்டுவைக்கிறேன், இதே குறையோடு வருகிறவர்கள் இரண்டையும் சேர்த்துப் படிக்கட்டும். அம்மா, ஒரு சந்தேகம். தசையை அழுத்தியபோது வலித்தது என்று அவர் எழுதியிருந்தாரே, அது மூட்டுக் கோளாற்றின் பக்கம் போகாதா?


பதில் 2 எழுதியவர், திங்கள், இரவு 11.05

நல்ல கேள்வி. ரத்தம் போதாத தசையை அழுத்தினாலும் வலிக்கும், பல்லைக் கடித்துக் கடித்து இறுகிய தசையை அழுத்தினாலும் வலிக்கும். விரலால் அதைப் பிரிக்க முடியாது, நேரத்தால் பிரிக்கலாம். மூட்டுக் கோளாறு உள்ளவருக்கு முதல் கடியிலேயே வலிக்கும், கொட்டாவி விட்டால் வலிக்கும், பலருக்குக் காலையில் எழும்போதே தாடை பிடித்திருக்கும். கடுப்பு அப்படி வராது. முதல் கவளம் சுகமாக இறங்கும், வலி பத்தாவது கவளத்தில் வரும். "சாப்பிட ஆரம்பித்ததுமே வலிக்கிறதா, பாதிச் சாப்பாட்டிலா?" என்று கேட்டுப் பாருங்கள். என் கிளினிக்கில் உதவிக்கு இருக்கும் பெண்ணுக்கும் இந்தக் கேள்வியைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். பெயர் எழுதும்போதே கேட்டுவிடுகிறாள்.

வாய் திறக்க முடியாமல் போவதும் இந்த நோயில் சிலருக்கு உண்டு. எனவே வாய் தாராளமாகத் திறப்பது ஒரு பக்கத்துக்கான சான்றும் இல்லை, மறுபக்கத்துக்கான சான்றும் இல்லை.


பதில் 4
வேறொரு நோயாளியின் மகள், கோயம்புத்தூர், செவ்வாய், காலை 6.40

நான் மருத்துவத் துறையில் இல்லை. அப்பாவுக்கு இந்த நோய் வந்தது, அதனால் எழுதுகிறேன். நான்கு மருத்துவர்களிடம் அவர் "வாய் அசந்து போகிறது" என்றே சொன்னார். சாப்பிட மனமில்லை என்று புரிந்துகொண்டு பசிக்கு டானிக் எழுதினார்கள். ஐந்தாவதாகப் பார்த்தவர் எதிரில் உட்காரவைத்து ஒரு கடலை மிட்டாயைக் கொடுத்து மெல்லச் சொன்னார். பாதியில் அப்பா கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்.

மருந்து தொடங்கிய இரண்டாம் நாள் வாழ்க்கை திரும்பியது போல இருந்தது. அதன் பிறகுதான் கஷ்டம். அளவை மெதுவாகக் குறைத்துக் குறைத்துப் பதினெட்டு மாதம் ஆயிற்று. முகம் வீங்கியது, சர்க்கரை ஏறியது, தூக்கம் கெட்டது. நன்றாகிவிட்டதே என்று ஒரு தடவை அவராகவே மாத்திரையை நிறுத்திவிட்டார், பத்து நாளில் தலைவலி திரும்ப வந்துவிட்டது. அந்த அம்மாவின் வீட்டாரிடம் இதை முதல் வாரமே சொல்லி வையுங்கள். நல்லபடியாக வரட்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.


பதில் 2 எழுதியவர், செவ்வாய், காலை 7.15

சகோதரி சொன்னதோடு நம் தொழில் சார்ந்த ஒன்றையும் சேர்க்க வேண்டும். நீண்ட காலம் ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கு எலும்பு தேயாமல் இருக்க அலென்ட்ரோனேட் மாத்திரையோ சோலெட்ரோனிக் அமில ஊசியோ கொடுப்பார்கள். அதற்குப் பிறகு பல்லைப் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் அழுகும் ஆபத்து சிலருக்கு உண்டு. அதனால் கண் ஆபத்து நீங்கி உடம்பு நிலைப்பட்டதும், எலும்பு மருந்து தொடங்குவதற்கு முன் அவருடைய வாயை முழுமையாகப் பாருங்கள். காப்பாற்ற முடியாத பல் இருந்தால் அவருடைய மருத்துவரிடம் பேசி அப்போதே எடுத்துவிடுங்கள். ஸ்டீராய்டில் இருக்கும்போது பல் எடுத்தால் அன்று மாத்திரையை அவர் விட்டுவிடவே கூடாது. வாயில் வெண்பூஞ்சை வருகிறதா என்றும் பார்த்துக்கொண்டிருங்கள்.


கேள்வி கேட்டவர், இரண்டு வாரம் கழித்து, ஞாயிறு, மதியம் 2.15

தாமதமாக எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். முடிவு கையில் வரட்டும் என்று இருந்தேன்.

அன்றிரவு 12 மணிக்குள் தஞ்சை போய்விட்டார்கள். பணியில் இருந்த இளம் மருத்துவர் தாளைப் படித்ததும் கண் பிரிவைக் கூப்பிட்டிருக்கிறார். விடிவதற்குள் முதல் ஊசி ஏறிவிட்டது. ஈ.எஸ்.ஆர். 96, மிகக் கூடுதல். இடது பொட்டிலிருந்து எடுத்த துண்டில் ஜெயண்ட் செல் எனப்படும் பெரிய உயிரணுக்களோடு அழற்சி இருக்கிறது என்று அறிக்கை வந்துவிட்டது. இடது கண்ணில் பார்வை முன்பு இருந்தபடியே இருக்கிறது. சர்க்கரை 300ஐத் தொட்டது, இப்போது இன்சுலினில் இருக்கிறார். மூன்றாம் நாள் மகன் போன் செய்து, அம்மா ஒரு முழுச் சப்பாத்தியை நிறுத்தாமல் சாப்பிட்டார் என்று சொன்னார். பேச முடியாமல் அழுதார்.

நேற்று என்னிடம் வந்தார்கள். விரலை வைத்துப் பார்த்தேன். இடது பொட்டில் தையல் போட்ட இடத்துக்குக் கீழே தமனி இன்னும் கயிறு போலத்தான் இருக்கிறது, வலி இல்லை. நான் செய்து கொடுத்த நைட் கார்டை டப்பாவோடு கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். அதற்கு வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன், மகன் வாங்க மறுத்தார், அம்மா வாங்கிக்கொண்டார். எலும்பு மருந்து அடுத்த மாதம் தொடங்குகிறார்கள். அதற்கு முன் வலது மேல்பக்கம் ஆடும் பல் ஒன்றை எடுக்க வேண்டும், அவருடைய மருத்துவரிடம் பேசிவிட்டேன். வெற்றிலையை எப்போது போடலாம் என்று கேட்டார். பாக்கும் புகையிலையும் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

இந்த இரண்டு வாரமும் இரவில் பழைய நோயாளிகளின் அட்டைகளை எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அறுபதைத் தாண்டியவர்கள், தாடை வலி என்று வந்தவர்கள், பல்லில் காரணம் தெரியாமல் மாத்திரை கொடுத்து நான் அனுப்பியவர்கள் என்று தேடியதில் மூன்று அட்டைகள் கிடைத்தன. இரண்டு பேரிடம் பேசிவிட்டேன், நலமாக இருக்கிறார்கள். மூன்றாமவருக்கு வயது 70, போன மார்கழியில் ஒரே ஒருமுறை வந்தவர், "சாப்பிடும்போது கன்னம் வலி" என்று என் கையெழுத்தில் இருக்கிறது. அவருடைய எண் பயன்பாட்டில் இல்லை. அட்டையில் ஊர்ப்பெயர் மட்டும் இருக்கிறது, வடுவூர்ப் பக்கம். சாப்பிட்டுவிட்டு இப்போது வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புகிறேன்.